கருப்பு வெள்ளைப் படமும் இரு சாளரக் காமிராவும்



பிறந்த ஊரைவிட்டு வெளி மாநிலங்களில் வாழ்கின்ற நம்மில் ஒவ்வொருவர் இல்லத்திலும் ஒரு பெட்டி இருக்கும். அது தகரப் பெட்டியாக இருக்கலாம். பழைய பிஸ்கோத்து டப்பாவாகவும் இருக்கலாம். அதனுள்ளே சில கருப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். மணக்கோலத்தில் நிற்கும் பெற்றோர், திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி, கிணற்றடியில் நிற்கும் சிறுவர் என்று பத்திருபது படங்கள். வீடு மாற்றும்போது கட்டிலையும் பீரோவையும் விற்றுவிட்டு வருகிறோம். அந்தப் பெட்டியை மட்டும் லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு வருகிறோம். டில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் குடியேறிய தமிழர் பலருக்கு ஊர் என்பது, ஆண்டில் பதினைந்து நாள் விடுமுறையும் இந்தப் பெட்டியுமே ஆகும்.

இக்காலத்தில் படம் எடுப்பது மிக எளிது. கையிலுள்ள தொலைபேசியை நீட்டினால் போதும். ஒரே நாளில் இருநூறு படங்கள் சேர்ந்துவிடும். அவற்றுள் எத்தனை படங்களை மறுமுறை எடுத்துப் பார்க்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், விடை சற்றே வருத்தம் தரும். நான் பழமையைப் போற்றிப் புதுமையைத் தூற்ற வரவில்லை. ஆயினும் ஒரு பழைய கருவி எனக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கற்பித்தது. எடுப்பதற்கு முன் பார்த்தல் என்பதே அப்பழக்கம். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ரேஞ்ச்பைண்டர் காமிரா என்று அக்கருவியை அழைப்பர். தூரம் அளக்கும் அமைப்பு உடைய காமிரா என்பது அதன் பொருள். அதன் முகப்பை உற்று நோக்கினால் லென்சுக்கு மேலே இரண்டு சாளரங்கள் இருப்பதைக் காணலாம். ஒன்று நாம் கண் வைத்துப் பார்க்கும் சாளரம். மற்றொன்று அதற்குச் சில அங்குலம் தள்ளி இருக்கும் சிறு சாளரம். சிறு சாளரத்தின் வழியே நுழையும் ஒளி, உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, நாம் பார்க்கும் காட்சியின் நடுவில் வந்து விழுகிறது. ஆகவே நடுவில் ஒரு சிறு கட்டத்தில் மட்டும் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். ஒருவர் முகத்தைப் பார்த்தால் இரண்டு மூக்கு, நான்கு கண் என்று தோன்றும். லென்சின் வளையத்தைத் திருப்பத் திருப்ப உள்ளே அந்தக் கண்ணாடியும் திரும்பும். இரண்டு உருவங்களும் ஒன்றையொன்று நெருங்கும். அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஓருருவாகும் இடத்தில் வளையத்தை நிறுத்தினால், லென்சு அந்தத் தூரத்துக்குச் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நம் இரண்டு கண்களும் செய்யும் வேலையே இது. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். விரல் அருகில் இருந்தால் பெயர்ச்சி மிகும். தொலைவில் இருந்தால் குறையும். அந்தப் பெயர்ச்சியைக் கொண்டு தூரத்தைக் கணிப்பதே இக்கருவியின் தத்துவம்.

இக்காமிராவின் வரலாறு சுவையானது. ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்னும் ஊரில் லைட்ஸ் என்ற நுண்ணோக்காடித் தொழிற்சாலையில் ஆஸ்கர் பார்னாக் என்ற பொறியாளர் பணியாற்றினார். அக்காலத்துக் காமிராக்கள் பெரியவை, கனமானவை. பார்னாக்கோ மூச்சிரைப்பு நோயால் துன்புற்றவர். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு மேடு ஏற அவரால் இயலவில்லை. ஆகவே சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் அகலப் பிலிமையே சிறு காமிராவுக்குப் பயன்படுத்தலாம் என்று துணிந்தார். சினிமாப் படக்கட்டத்தை இருமடங்காக்கி, 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர் என்ற அளவை வகுத்தார். 1913, 1914ஆம் ஆண்டுகளில் அவர் செய்த மாதிரியிலிருந்து பிறந்த லைக்கா காமிரா, 1925இல் லைப்சிக் நகரச் சந்தையில் மக்கள் பார்வைக்கு வந்தது. 1932இல் தூரம் அளக்கும் அமைப்பை லென்சோடு இணைத்த லைக்கா வெளிவந்தது. ஆனால் அதில் தூரம் பார்க்க ஒரு துளை, காட்சி பார்க்க மற்றொரு துளை என்று இரண்டு இருந்தன. இரண்டையும் ஒரே சாளரத்தில் சேர்த்து, படத்தின் எல்லையை ஒளிக்கோடுகளால் காட்டிய லைக்கா எம்3, 1954இல் வந்தது. ஜப்பானியரும் ரஷ்யரும் இவ்வகைக் காமிராக்களைக் குறைந்த விலையில் செய்தனர். நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தினர் சிலர் கையிலும் அவை வந்து சேர்ந்தன.

இத்தகைய சிறு காமிராவின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர்களுள் தலைசிறந்தவர் பிரெஞ்சு நாட்டவராகிய ஆன்ரி கார்த்தியே பிரெஸோன். அவர் 1947இல் இந்தியாவுக்கு வந்தார். 1948 ஜனவரி 30ஆம் நாள் டில்லியில் பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்துப் படம் எடுத்தார். அன்று மாலையே அண்ணல் சுடப்பட்டார். செய்தி கேட்ட கார்த்தியே பிரெஸோன் அங்கே திரும்பி வந்தார். மாளிகையின் வாயிலருகே, இருள் சூழ்ந்த வேளையில், நேரு அவர்கள் கூடியிருந்த மக்களுக்கு அந்தத் துயரச் செய்தியை அறிவிக்கும் காட்சியைப் படமாக்கினார். மறுநாள் இறுதி ஊர்வலத்தையும் எரியூட்டலையும் எடுத்தார். அப்படங்கள் உலகெங்கும் சென்றன.

அவர் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்சு ஒன்றையே பயன்படுத்தினார். காமிராவின் பளபளக்கும் பாகங்கள் பிறர் கண்ணில் படாதிருக்கக் கருப்பு நாடா ஒட்டி மறைத்தார். பளிச்சென்று மின்னும் விளக்கை அவர் விரும்பியதில்லை. துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் மக்கள் நடுவே ஒருவர் விளக்கை மின்னவைத்தால் அங்கே துக்கம் போய் எரிச்சலே எஞ்சும். சிறிய காமிரா, மெல்லிய ஓசை, உள்ள வெளிச்சமே போதும் என்ற மனநிறைவு ஆகிய மூன்றும் சேர்ந்ததனால்தான் அந்த மாலை அப்படியே நமக்குக் கிடைத்தது. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி உடல் நீத்தபோதும் இவரே அங்கே இருந்தார் என்பது தமிழர்கள் நினைவில் கொள்ளத்தக்கது. அம்முனிவரின் இறுதி நாள்களையும் அவர் காமிரா பதிவு செய்தது.

இனி இக்காமிராவின் தனிச்சிறப்பு ஒன்றைச் சொல்வேன். மற்றொரு வகைக் காமிராவில் லென்சின் வழியாகவே நாம் காட்சியைக் காண்போம். படத்தில் விழப்போவது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். விசையை அழுத்தும் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலெழுவதால் காட்சி மறைந்துவிடும். ரேஞ்ச்பைண்டரில் அங்ஙனம் இல்லை. ஒளிக்கோட்டு எல்லை உடைய சாளரத்தில், எல்லைக்கு அப்பால் இருப்பதும் தெரியும். வலப்புறமிருந்து ஒருவர் நடந்து வருகிறார், இடப்புறம் ஒரு மாடு திரும்புகிறது என்பதெல்லாம் படத்துக்குள் நுழைவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். விசையை அழுத்தும்போதும் காட்சி மறைவதில்லை. முகம் மலர்ந்த கணத்தில் அழுத்தினோமா, கண் இமைத்த கணத்தில் அழுத்தினோமா என்பதை அப்போதே அறியலாம்.

குறைகளும் உண்டு. கண் பார்க்கும் சாளரம் வேறு, படம் பிடிக்கும் லென்சு வேறு. ஆகவே மிக அருகில் உள்ள பொருளை எடுத்தால், நாம் கண்டதற்கும் படத்தில் விழுவதற்கும் சிறிது வேறுபாடு வரும். தலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகலாம். பூவின் மகரந்தத்தையும் வானில் பறக்கும் கழுகையும் எடுக்க இக்கருவி ஏற்றதன்று. யாவற்றினும் பெரிய குறை வேறொன்று உண்டு. லென்சின் மேல் மூடியைப் போட்டு மறந்துவிட்டாலும் சாளரத்தில் காட்சி தெளிவாகத் தெரிந்துகொண்டே இருக்கும்! இக்குறையின் விலையை நான் கொடுத்திருக்கிறேன்.

1981ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் டில்லியிலிருந்து குடும்பத்தோடு ஊருக்குச் சென்றேன். குடந்தைக்கு அருகே ஒரு சிற்றூர் அது. ஜப்பானில் செய்யப்பட்ட பழைய காமிரா ஒன்றைச் சில மாதங்களுக்கு முன்புதான் வாங்கியிருந்தேன். புறப்படும் நாளன்று காலையில் தந்தையாரை வாசல் திண்ணையில் அமரச் செய்து, இருபுறமும் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் நிறுத்தினேன். தந்தையாருக்குப் படம் எடுத்துக்கொள்வதில் விருப்பம் இல்லை. "எனக்கு எதற்கடா இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே, சலவை வேட்டி கட்டி, மேல்துண்டைத் திருத்திக்கொண்டு அமர்ந்தார். நான் தூரம் பார்த்தேன், எல்லைக்கோடுகளைப் பார்த்தேன், ஐந்து படங்கள் எடுத்தேன். "போதும், வண்டிக்கு நேரமாகிறது" என்று அனைவரும் கலைந்தனர். அப்போது அண்ணன் மகள், ஏழு வயதுச் சிறுமி, என் அருகே வந்து, "சித்தப்பா, காமிராவுக்கு மூடி போட்டிருக்கிறதே, எடுக்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

ஐந்து படங்களும் இருளாயின. மறுபடியும் அழைத்து அமரச் செய்ய மனம் வரவில்லை; அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். சுருளில் ஒரே ஒரு படம் மீதி இருந்தது. மூடியைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்ற வண்டியையும் பெட்டிகளையும் எடுக்கலாம் என்று சாளரத்தில் கண் வைத்தேன். எல்லைக்கோட்டுக்கு வெளியே, இடப்பக்க ஓரத்தில், தந்தையார் வருவது தெரிந்தது. சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் எங்களுக்கு வழியில் குடிக்கத் தண்ணீர் நிரப்பிய கூஜாவுமாக வந்துகொண்டிருந்தார். வண்டியை விட்டுவிட்டு அவருக்காகக் காத்திருந்தேன். அவர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் விசையை அழுத்தினேன். அவருக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு நான் சென்றபோது அவர் இல்லை. மார்கழியில் தந்தி வந்தது. ரயிலைப் பிடித்து நான் சென்று சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திண்ணையில் அமர்ந்து எடுத்த படம் எங்களிடம் இல்லை. கூஜாவோடு நடந்து வரும் அந்த ஒரு படமே இருக்கிறது. எல்லைக்கு வெளியே பார்க்க முடியாத காமிராவாக இருந்திருந்தால் அதுவும் இருந்திராது. முப்பத்தைந்து படங்கள் செலவாகி ஒன்றே மீதி என்ற நிலை இல்லாதிருந்தால், காத்திருந்திருப்பேனா என்பதும் ஐயமே. என் கவனக்குறைவுக்குக் காமிராவைக் குற்றம் சொல்வதற்கில்லை. அது எடுத்துக்கொண்டதற்குப் பதிலாக ஒன்றைக் கொடுத்தும் இருக்கிறது.

இனிக் கருப்பு வெள்ளைப் பிலிமைப் பற்றிச் சிறிது கூறுவேன். பிலிமின் மேல் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் ஜெலட்டின் பூச்சில் பரவியுள்ளன. ஒளி பட்ட படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாறுதல் நிகழும். டெவலப்பர் என்னும் கரைசலில் இட்டால் அந்தப் படிகங்கள் மட்டும் கருநிற வெள்ளியாக மாறும். ஒளி படாத உப்பை ஹைப்போ என்னும் மருந்து கரைத்து அகற்றும். வெள்ளி உப்புகளைக் கரைக்கும் இம்மருந்தின் இயல்பை ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில அறிஞர் 1819லேயே கண்டறிந்தார். நெகடிவில் காணும் முகம் உண்மையில் வெள்ளியால் ஆன முகம் என்பதை நினைத்துப் பாருங்கள். நன்கு கழுவிப் பாதுகாத்தால் அது பல தலைமுறைக்கு நிற்கும்.

நம்மவர் முகங்களை எடுப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கவே அளவு சொல்லும். சுண்ணாம்பு அடித்த சுவர், வெள்ளை வேட்டி, வெயில் படிந்த வாசல் ஆகியவற்றின் நடுவே மாநிறத்தாரோ கருநிறத்தாரோ நின்றால், ஒளிமானி வெண்மையைக் கண்டு ஏமாந்து, ஒளியைக் குறைக்கச் சொல்லும். வேட்டி அழகாக விழும்; முகம் கரிக்கட்டையாகிவிடும். பழைய படங்கள் பலவற்றில் நம் பாட்டனாரின் முகம் தெரியாமல் போனதற்கு அவர் நிறம் காரணமன்று. அளவு எடுத்தவரின் பிழையே காரணம். ஆகவே முகத்தின் அருகே சென்று அளவு எடுங்கள். அல்லது கணக்கைவிட ஒரு படி ஒளியைக் கூட்டுங்கள். கருப்பு வெள்ளை நெகடிவ் ஒளி மிகுதியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஒளிக் குறைவைப் பொறுக்காது. பதியாத முகத்தை எந்த இருட்டறையாலும் மீட்க இயலாது.

ஒளிமானி இல்லாதோருக்கும் ஒரு வாய்பாடு உண்டு. நல்ல வெயிலில் துவார எண்ணை 16இல் வைத்து, பிலிமின் வேக எண் எதுவோ அதற்கு ஏற்ற நொடிப் பின்னத்தை வைக்கலாம். 400 வேகப் பிலிமுக்கு ஏறத்தாழ 1/500 நொடி. திண்ணை நிழலில் துவாரத்தை 5.6க்குத் திறந்து, 1/125 நொடி வைத்தால் முகம் நன்றாகப் பதியும். 35 மில்லிமீட்டர் லென்சு உடையோர், வெயிலில் துவாரத்தை 11இல் வைத்துத் தூரத்தை நான்கு மீட்டருக்கு அமைத்துவிட்டால், இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாகவே விழும். அதன்பின் வளையத்தைத் தொட வேண்டியதில்லை. ஓடும் குழந்தையை நிம்மதியாகப் பின்தொடரலாம்.

பிலிமை வீட்டிலேயே கழுவ விரும்புவோர் வட நாட்டுக் கோடையை மறக்கலாகாது. டெவலப்பர் கரைசலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வெப்பநிலை 20 டிகிரி சென்டிகிரேடு. வைகாசியில் டில்லிக் குழாய் நீர் கை பொறுக்காத சூட்டில் வரும். அதில் கழுவினால் டெவலப்பர் விரைந்து வேலை செய்து, படம் திட்டுத்திட்டாகும், ஜெலட்டினும் இளகும். ஒரு வாளியில் பனிக்கட்டி நீரை ஊற்றி, அதனுள் மருந்துப் பாத்திரங்களை நிறுத்தி வெப்பத்தைக் குறையுங்கள். பனிக்கட்டியை மருந்தினுள் இடாதீர்கள், மருந்து நீர்த்துப்போகும். கழுவும் நீரும் அதே வெப்பநிலையை ஒட்டி இருத்தல் நன்று. பம்பாய், கல்கத்தா போன்ற ஈரம் மிகுந்த ஊர்களில் இருப்போருக்குப் பூஞ்சையே பகை. லென்சையும் நெகடிவையும் தோலுறையில் மூடி அலமாரியின் அடியில் வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

ஒரு காலத்தில் இந்தப் பிலிமை நம் தமிழகமே செய்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் படத்தாளும் செய்து நாடெங்கும் அனுப்பியது. இந்து என்றால் நிலவு. நீலகிரியின் குளிரில் பூசப்பட்ட வெள்ளி, நாட்டின் எத்தனையோ ஊர்களில் மணமேடைகளின் ஒளியை வாங்கியது. காலம் மாறியது, அந்தத் தொழிற்சாலை நலிவுற்று மூடப்பட்டது. ஆயினும் கருப்பு வெள்ளைப் பிலிம் உலகில் மறைந்துவிடவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் செய்யப்படுகிறது. விலை மிகுதிதான். விலை மிகுதியாக இருப்பதும் ஒரு வகையில் நம்மை நிதானிக்கச் செய்கிறது.

நேயர்களே, இதைக் கேட்ட அனைவரும் பழைய காமிரா வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாங்க இயன்றோர் வாங்குக; மூடியைக் கழற்ற மறவாதிருக்க. இயலாதோர் கைப்பேசியிலேயே அந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, முப்பத்தாறு படங்களே உண்டு என்று உங்களுக்கு நீங்களே ஒரு வரையறை வகுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக நிறுத்தி எடுப்பது ஐந்தாறு இருக்கட்டும். மீதியை, படத்துக்கென்று எவரும் நிற்காத வேளைக்கு வைத்திருங்கள். தாயார் முறத்தில் அரிசி புடைக்கும்போது, தந்தையார் செய்தித்தாளை மடிக்கும்போது, வழியனுப்ப வந்தவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும்போது, கருவியைச் சற்றே தாழ்த்திக் கண்ணால் பாருங்கள். ஓரத்திலிருந்து யார் வருகிறார் என்று பாருங்கள். வந்ததும் எடுங்கள். திரும்பி வந்தபின் அவற்றுள் சிலவற்றையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் பென்சிலால் எழுதி, அந்தப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

ஊரையே பார்த்திராத நம் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் அதைத் திறப்பார்கள்.